சொண்டு கறுத்த மாம்பழக்குருவி

அத்தியாயம் 4

பேராசிரியர் மணிவாசகம் அழுதுவிடுவார் போலிருந்தது, முந்நூறு வருடங்களுக்கு முன்பு செத்துப்போன ஒரு மனிதனுக்காக.

"யோசிச்சுப் பாருங்கம்மா. ஆன்ட்வெர்ப்ல பொறந்தவன். பூவும் பறவையும் வரையறதுல அந்தக் காலத்துல அவனை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ஊர்ல பொழப்பு இல்ல. ரோமுக்குப் போனான், அங்கேர்ந்து லண்டன். ஒரு பிரபு அவனைத் தன் மாளிகையில வெச்சுக்கிட்டான். கதவுக்கு மேல மாட்டறதுக்கு ரோஜாவும் கிளியுமா வரைஞ்சு தள்ளணும். தங்கறதுக்குக் குதிரை லாயத்துக்கு மேல ஒரு ரூம். கூலின்னு ஒண்ணும் கிடையாது, சாப்பாடு மட்டும். ஓடிடக் கூடாதுன்னு அவன் டிரங்குப் பெட்டியை வாங்கித் தன்கிட்ட பூட்டி வெச்சுக்கிட்டான் அந்தப் பிரபு. ஒரு கலைஞனை இப்படியா நடத்தறது? சொல்லுங்க!"

பிரியந்திக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். மனிதர்களின் சின்னப் புத்தியைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போயிருக்க வேண்டும். மரத்துப்போகவில்லை என்பதுதான் அவளுடைய பிரச்சினை.

யோரிஸ் வெர்பிராக்கன் என்பது அந்த ஓவியனின் பெயர். 1690-இல் லண்டனிலிருந்து காணாமல் போய், 1696-இல் மறுபடி அங்கே வந்து, வறுமையில் செத்தவன். நடுவிலுள்ள ஆறு வருடங்கள் எங்கே இருந்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பொறியியல் பேராசிரியராக ஓய்வுபெற்ற மணிவாசகம்தான் அதைக் கண்டுபிடித்தவர். ஒல்லாந்தக் கப்பலில் ஏறி யாழ்ப்பாணக் கோட்டைக்கும் நாகப்பட்டினத்துக்கும் போயிருக்கிறான் என்று புத்தகம் எழுதினார். சான்றாக நான்கு ஓவியங்களையும் எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். இன்னும் எட்டு நாட்களில் மொன்ட்ரியால் நகரத்தின் கலைக்கூடம் ஒன்றில் கண்காட்சி. நான்கில் ஒன்று அவருடைய வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. இரண்டு வாரங்களுக்கு முன் அவரும் மனைவியும் கோயிலுக்குப் போன நேரத்தில் அது காணாமல் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"பூட்டு உடையேல்லை. வீட்டிலை வேறை ஆரும் இருக்கினமா, சேர்?" பிரியந்தி கேட்டாள்.

காப்பி கொண்டுவந்த பேராசிரியரின் மனைவி அலமு மாமி தட்டை மேசையில் வைத்தார். அவர் வாயைத் திறக்குமுன்பே பேராசிரியர் சொன்னார். "யாருமில்ல. நாங்க ரெண்டு பேர்தான்."

மாமி உள்ளே போய்விட்டார்.

"பொலிசுக்கு ஏன் சொல்லேல்லை?"

"எட்டு நாள்ல கண்காட்சிம்மா. திருட்டுன்னு பேப்பர்ல வந்தா கலைக்கூடம் பயந்துடும். நீங்க அமைதியா தேடுங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்ச உடனே, வேற யாருக்கும் இல்ல, எனக்குச் சொல்லுங்க."

படத்தின் பெரிய புகைப்படம் ஒன்றையும் தன் புத்தகத்தையும் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனிதர் என்று பிரியந்தி நினைத்தாள். அதை நினைத்து அன்று மாலை அவள் தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளப் போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

காரில் அன்டன் காத்திருந்தார். இருபத்திரண்டு வருடம் நகர பஸ் ஓட்டி, முதுகு போய், ஓய்வுபெற்று, வீட்டில் இருந்தால் மனைவி வேலை சொல்கிறாள் என்பதற்காகப் பிரியந்தியிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். வாய் மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

புகைப்படத்தை ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்துப் பார்த்தார். பூக்கள் குவிந்த கொப்பு ஒன்றில் செம்மஞ்சள் நிறப் பறவை ஒன்று. பின்னால் மங்கலாக ஒரு கோட்டைச் சுவர்.

"தங்கச்சி, இதுக்கு என்ன பேர் எண்டு புரொபசர் எழுதியிருக்கிறார்?"

"மாங்குயில். எங்கட மாம்பழக்குருவி. யாழ்ப்பாணத்திலை வரைஞ்சதாம்."

"அப்ப இது லிப்ஸ்ரிக் பூச மறந்து வெளிக்கிட்டிட்டுது."

"பகிடியை விட்டிட்டுச் சொல்லுங்கோ அண்ணை."

பறவையின் அலகில் விரல் வைத்தார். "சொண்டைப் பாரும். எங்கட மாம்பழக்குருவிக்குச் சொண்டு நல்ல சிவப்பு. சின்னனிலை எத்தினை நாள் கவண் வைச்சுக் குறி பாத்திருப்பன், ஒண்டும் விழேல்லை, ஆனா சொண்டு மட்டும் கண்ணுக்குள்ளை நிக்குது. முதுகும் மஞ்சளா இருக்க வேணும். இதுக்கு முதுகு கறுப்பு, சொண்டும் கறுப்பு. இந்தாளை எனக்குத் தெரியும், தங்கச்சி. லசீன் பக்கம் பஸ் ஓடேக்கை, ஆத்தங்கரை நிறுத்தத்திலை மே மாசம் பிறந்தால் நிண்டு கத்தும். இது சுத்தமான கனடாக்காரன். முந்நூறு வருசத்துக்கு முன்னம் விசா இல்லாமல் யாழ்ப்பாணம் போயிருக்கு."

பிரியந்தி படத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். அவளுக்கு வேறொன்று உறுத்தியது. கொப்பில் இருக்கும் பறவை கொப்பைப் பிடித்திருக்க வேண்டும். இதன் கால் விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. குழந்தையின் கைப்பிடிபோல மூடி, கொப்புக்கு ஒரு நூல் மேலே அந்தரத்தில் கிடந்தன. தலையும் கழுத்தில் சரியாக உட்காரவில்லை. போன இளவேனிலில் அவளுடைய சமையலறை யன்னலில் மோதி விழுந்த குருவி ஒன்றின் கால் இப்படித்தான் மூடியிருந்தது.

"செத்த குருவியைப் பாத்து வரைஞ்சிருக்கு," என்றாள்.

அவளுடைய விரல் பூக்களுக்கு நகர்ந்தது. ஊதாவும் சிவப்புமாக, இதழ் கசங்கிய கடதாசி போன்ற பூக்கள். கைப்பேசியில் இரண்டு நிமிடம் தேடினாள். "கடதாசிப்பூ, அண்ணை. தென்னமெரிக்காச் செடி. வெள்ளைக்காரர் அதைக் கண்டு எழுதி வைச்சதே இந்தப் படத்துக்கு எழுபது, எண்பது வருசத்துக்குப் பிறகு. இந்த வெர்பிராக்கன் கனவிலை கண்டாத்தான் உண்டு."

"அப்ப களவு போனது கள்ளப்படம்."

"பாவம் அந்த மனிசன். எவனோ இந்தக் கிழவரை நல்லா ஏமாத்தியிருக்கிறான்."

அன்டன் புத்தகத்தைப் புரட்டினார். மற்ற மூன்று ஓவியங்களும் அதில் வழவழப்பான தாளில் இருந்தன. "தேன்சிட்டு, கொண்டைக்குருவி, தூக்கணாங்குருவி," என்று தலைப்புகளை வாசித்தார். "இதெல்லாம் சின்னனா அச்சடிச்சிருக்கு, என்ர கண்ணுக்கு எல்லாம் கோழிக்குஞ்சுதான்."

பிரியந்தி கேட்கவில்லை. அவளுடைய எண்ணம் வேறெங்கோ ஓடியது. மொன்ட்ரியாலில் ஓர் ஆளுக்குச் செத்த வலசைப் பறவைகள் வேண்டுமென்றால் எங்கே போவான்? நகர மையத்துக் கண்ணாடிக் கோபுரங்கள். இரவெல்லாம் பறந்து வருபவை வெளிச்சத்தில் மயங்கி, விடிகிற நேரம் கண்ணாடியில் மோதி விழும். அவற்றை யார் பொறுக்குவார்கள்?

"அண்ணை, விடியப்புறம் டவுன்ரவுனிலை கட்டிடம் கூட்டுற எங்கட ஆக்கள் ஆரையும் தெரியுமோ?"

"முதல் பஸ்ஸை ஓட்டின என்னட்டையோ கேக்கிறீர்? அரைவாசிப் பேரின்ரை பல்வருத்தம்கூட எனக்குத் தெரியும்."

அன்டன் கூட்டிப்போன கண்ணாடிக் கோபுரத்தின் பின்சந்தில் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. வெயில் ஏறியிருந்தது. மே மாதத்தின் முதல் சூட்டில் பழைய எண்ணெயும் அழுகிய கீரையும் சேர்ந்து நாறின. நீல அங்கி போட்ட துப்புரவுப் பெண் புஷ்பராணி வேலை முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"அன்டன் தம்பியோ! பஸ்ஸை விட்டிட்டு இப்ப என்ன ஓட்டுறாய்?"

"வாயைத்தான் அக்கா."

பறவைகளைப் பற்றிக் கேட்டதும் அவர் ஒரு வாளியின் மூடியைத் திறந்து காட்டினார். பிரியந்தி குனிந்து பார்த்தாள், உடனே நிமிர்ந்தாள். சாம்பல், பழுப்பு, ஒன்று மஞ்சள். ஈரம் உலராத இறகுகள். பாதி திறந்த கண்ணொன்றில் எறும்புகள் சுறுசுறுப்பாகப் போய்வந்தன.

"இண்டைக்கு ஒன்பது. மனேச்சர் சொல்லுவார், எட்டு மணிக்கு முன்னம் அள்ளிப்போடு, கோப்பி வாங்கப் போற ஆக்களின்ரை கண்ணிலை படக்கூடாது எண்டு. விளக்கை நிப்பாட்டுங்கோ எண்டு ஒருக்கா நான் கேட்டன். சிரிச்சவர்."

பிரியந்தியின் வாயில் உமிழ்நீர் புளித்தது. "இதை ஆரும் கேட்டு வாங்கிறவையோ அக்கா?"

புஷ்பராணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் கேக்கிறியள்?"

"ஒரு படம் வரைவிக்க வேணும். குருவிப் படம்." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. தொழிலின் பழக்கம்.

அந்த முகம் மலர்ந்தது. "அப்ப றொஷினிப் பிள்ளையைத்தான் சொல்லுறியள்! தங்கமான பிள்ளை. நாலு வருசமா வாறா. ஐஸ்கிறீம் பெட்டி கொண்டு வந்து, நிறமுள்ளதுகளைப் பக்குவமா எடுத்து வைப்பா. முதல் ஆரோ காரிலை கொண்டு வந்து விடுறவை, றோட்டின்ரை மற்றப் பக்கத்திலை கார் நிக்கும், முகம் நான் காணேல்லை. இப்ப ரெண்டு கிழமையா பஸ்ஸிலைதான் வாறா. இருக்க இடமில்லை எண்டு அழுதா. என்ர தங்கச்சி இருக்கிற கட்டிடத்திலை ஒரு அறை எடுத்துக் குடுத்தன். பாவம், ஒருத்தரோடையும் கதையாது. ஒரு வேலை குடுத்தியளெண்டால் புண்ணியம்."

முகவரியைத் தன் கையாலேயே எழுதித் தந்தார்.

காருக்குள் ஏறியதும் பிரியந்தி ஈரத்துணியால் கையைத் துடைத்தாள். அவள் எதையும் தொடவில்லை. இருந்தாலும் துடைத்தாள். செத்த உடம்புகளைப் பொறுக்கி, அவற்றை உயிரோடிருப்பதுபோல் கொப்பில் குந்தவைத்து, அப்பாவிக் கிழவர் ஒருவரின் தலையில் கட்டுகிற ஆள் எப்படிப்பட்ட ஆளாக இருக்கும்? ஒரு கூட்டம், காரோடு. கிடைத்ததையெல்லாம் அள்ளிவிட்டுக் கடைசியில் சுவரில் இருந்ததையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நகரின் வடக்குப் பகுதியான மொன்ட்ரியால்-நோர் போய்ச் சேர்ந்து, கட்டிடத்தின் முன் கார் நின்றதும், பேராசிரியருக்குத் தமிழில் ஒரு தகவல் அனுப்பினாள். 'மன்னிக்கவும் சேர். உங்கள் படம் பழையதல்ல, போலி. வரைந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம். படமும் அங்கேதான் இருக்க வேண்டும்.' கீழே முகவரி. உள்ளே போகுமுன் போகும் இடத்தை எழுதி அனுப்புவது அவளுடைய பழைய கம்பனிப் பழக்கம்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

'அவ தனியாத்தான் இருக்காளா? நான் வர்ற வரைக்கும் உள்ளே போகாதீங்க.'

பிரியந்தி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கைப்பேசியை அன்டனிடம் நீட்டினாள்.

அன்டனும் வாசித்தார். "படம் பொய் எண்டு கேட்டால் மனிசன் நெஞ்சைப் பிடிக்க வேணும். இவர் காரைப் பிடிக்கிறார்."

"அது மட்டுமில்லை அண்ணை. நான் 'ஆள்' எண்டுதான் எழுதினன். பொம்பிளை எண்டு அவருக்கு ஆர் சொன்னது?"

பூட்டு உடையாத வீடு. பொலிசுக்குச் சொல்லாத களவு. மாமி வாய் திறக்குமுன் வந்த பதில். விடியற்காலையில் மறுபக்கத்தில் நின்ற கார். எல்லாம் காலையிலிருந்து அவளுடைய மூக்குக்கு முன்னால்தான் இருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்ததால் மணக்கவில்லை.

"அவர் இருக்கிற கர்க்லாண்டிலையிருந்து இஞ்சை வர எவ்வளவு நேரம்?"

"இந்த நேரத்திலை நாப்பது நிமிசம். அவர் ஓடுற மாதிரி ஓடினால் அரை மணித்தியாலம்."

பிரியந்தி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

மூன்றாம் மாடி. தட்டியதும் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு முகம். உள்ளேயிருந்து எண்ணெய்ச் சாயமும், பழைய பிறீசரின் இரத்த வாடையும் கலந்து வந்தன.

"ஐயாவோ அனுப்பினவர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். கேள்வியில் கோபமில்லை. களைப்பு மட்டும் இருந்தது.

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. பிரியந்தி இந்தமுறை சொல்லவில்லை. "ஓம், அவர்தான் எங்களை வைச்சவர். இப்பதான் விளங்கிச்சு. உங்கட விலாசத்தை நான் அவருக்கு அனுப்பிப்போட்டன். அரை மணித்தியாலத்திலை வந்திடுவார்."

றொஷினி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சங்கிலியைக் கழற்றினாள்.

ஒரே அறை. சுவரில் சாய்ந்தபடி அந்த ஓவியம். யன்னலோரம் முடிக்காத வேறு இரண்டு படங்கள். அவற்றிலும் பறவைகள்தான், ஆனால் கொப்பில்லை, பூவில்லை. குப்பை அள்ளும் தட்டில் வரிசையாகக் கிடந்தன, செத்தவை செத்தவையாகவே. பிரியந்தி அவற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றாள்.

"அள்ளி எறிய மனம் வரேல்லை. அதுதான் இப்பவும் போய் எடுக்கிறன். இது என்ர பேரிலை வரையிறது," என்றாள் றொஷினி.

அவள் சொன்ன கதை நீளமில்லை. யாழ்ப்பாணத்தில் ஓவியம் படித்தவள். ஐந்து வருடங்களுக்கு முன் பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு உதவியாளர் என்று வருகை விசாவில் வந்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று அவளுடைய கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் அவர் வாங்கி வைத்தார். அகதிக் கோரிக்கையைத் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார், போடவில்லை. விசா முடிந்த பிறகு, வெளியே கால் வைத்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்றார். கீழ்த்தள அறை. பழைய தளபாட ஏலங்களில் வாங்கிய, யாரோ வரைந்து கறுத்துப்போன கன்வசுகள். அவற்றைச் சுரண்டிவிட்டு மேலே வெர்பிராக்கனாக வரைய வேண்டும். இறகைப் பார்த்து வரையச் செத்த குருவிகள் வேண்டுமென்று கேட்டாள், விடியற்காலையில் அவரே காரில் கொண்டுபோய் விட்டார், எடுத்துவந்தது எந்தக் குருவி என்று ஒருநாளும் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை.

"அடிச்சவரோ?" அன்டன் மெல்லக் கேட்டார்.

"இல்லை. ஒருநாளும் குரல் உயர்த்தேல்லை. அலமு மாமி மேலையிருந்து நல்ல சாப்பாடு குடுத்துவிடுவா. 'உனக்கு இங்க என்னடி குறை' எண்டு கேப்பா." அந்தக் குரலை அப்படியே செய்துகாட்டினாள். "ஐயா வந்து வெர்பிராக்கன்ரை கடிதங்களை வாசிச்சுக் காட்டுவார். அந்தப் பிரபு பெட்டியைப் பறிச்சு வைச்ச இடம் வந்தால் அழுவார். உண்மையான கண்ணீர், அக்கா. அழுதிட்டு, கண்ணைத் துடைச்சுக்கொண்டு, கதவைப் பூட்டிப்போட்டுப் போவார்."

காலையில் அதே கண்ணீரைப் பார்த்துப் பிரியந்தி தலையாட்டியிருந்தாள்.

"படத்தை ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

"அவை கோயிலுக்குப் போன அண்டைக்குக் கீழ்க்கதவு பூட்டுப்படேல்லை. கையிலை ஒரு சாட்சியும் இல்லாமல் போனால் ஆர் நம்பப்போகினம்? குப்பைப் பையிலை சுத்திக்கொண்டு பஸ் ஏறினன்."

"ஆனா இந்தப் படத்திலை பிழை கிடக்கே பிள்ளை. சொண்டு சிவப்பில்லை," என்றார் அன்டன்.

றொஷினி அவரையே பார்த்தாள். அவளுடைய உதடு நடுங்கத் தொடங்கியது. அழப்போகிறாள் என்று பிரியந்தி நினைத்தாள். அவள் சிரித்தாள்.

"அண்ணை, நான் யாழ்ப்பாணத்தாள். மாம்பழக்குருவின்ரை சொண்டு எனக்குத் தெரியாதோ? அது பிழையில்லை. அது நான் எழுதின கடிதம். நாலு படத்திலையும் எழுதினன். தேன்சிட்டு எண்டு அவர் போட்டிருக்கிறது இஞ்சத்தை ரீங்காரச்சிட்டு, அது ஆசியாவிலையே இல்லை. கொண்டைக்குருவியின்ரை செட்டை நுனியிலை சிவப்பு மெழுகு சொட்டினமாதிரி இருக்கும், அது கனடாக் குருவி. தூக்கணாங்குருவியும் அப்பிடித்தான். பேந்து கடதாசிப்பூ. ஆராவது ஒருத்தர் பாத்து, இது மொன்ட்ரியாலிலை இருந்து ஆரோ வரைஞ்சதெண்டு பிடிச்சு, தேடி வருவினம் எண்டு நினைச்சன். எத்தினை பேர் வந்து பாத்தவை! நான் கீழை இருந்து கேப்பன். சட்டத்தைப் பாப்பினம், கையெழுத்தைப் பாப்பினம், ஒயின் குடிப்பினம். குருவியை ஒருத்தரும் பாக்கேல்லை. நாலு வருசத்திலை நீங்கள்தான் முதல் ஆள்."

அன்டன் ஓவியத்தின் முன் குனிந்து, அந்தக் கறுத்த சொண்டை மறுபடி பார்த்தார்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "பின்படியாலை இறங்கி எங்கட காரிலை போகலாம். இல்லையெண்டால் இஞ்சையே நிண்டு பொலிசைக் கூப்பிடலாம். கடவுச்சீட்டைப் பறிச்சு வைச்சு வேலை வாங்கிறது இந்த நாட்டிலை பெரிய குற்றம். அதாலை உங்களுக்கு ஒண்டும் நடக்காது எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா நல்ல சட்டத்தரணி ஒருவரைத் தெரியும். எது எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்," என்றாள் பிரியந்தி.

றொஷினி யன்னலோரப் படங்களைப் பார்த்தாள். "ஓடினது காணும், அக்கா. இனி ஓடமாட்டன்."

பிரியந்தி அவசர எண்ணை அழுத்தினாள். "போன்ஜூர்" என்று தொடங்கி, முகவரி சொல்லி முடிக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

பேராசிரியர் மணிவாசகம் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் ஒரு சாப்பாட்டுப் பை. காலையில் இருந்த அதே சாந்தமான முகம்.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க. இது எங்க வீட்டு விஷயம்."

யாரும் அசையவில்லை. அவர் றொஷினியைப் பார்த்துச் சிரித்தார். "மாமி உனக்குத் தயிர்சாதம் கொடுத்தனுப்பியிருக்கா. இளைச்சுட்டியே. கோவம் இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? இதோ பாரு." சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு கடவுச்சீட்டை எடுத்து விசிறிபோல் ஆட்டினார். "உனக்காகத்தான் எடுத்துட்டு வந்தேன். வா, வீட்டுக்குப் போலாம். அஞ்சாவது படம் பாதியில நிக்குது."

நாய்க்கு இறைச்சித் துண்டு காட்டுவதுபோல் இருந்தது. பிரியந்தி இத்தனை வருடத் தொழிலில் கத்தியைப் பார்த்திருக்கிறாள், துப்பாக்கியையும் ஒருமுறை பார்த்திருக்கிறாள். எதுவும் அந்தச் சிறிய புத்தகத்தின் ஆட்டத்தைப்போல் அவளைக் குமட்ட வைத்ததில்லை.

"நல்லது சேர்," என்றாள். "அவவின்ரை கடவுச்சீட்டு உங்களிட்டை இருந்ததெண்டதுக்குச் சாட்சி தேட வேணுமெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். நீங்களே கொண்டு வந்திட்டியள். பொலிசும் வந்துகொண்டிருக்கு."

ஆட்டம் நின்றது. அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். அன்டன் அதில் முதுகைச் சாய்த்து நின்றார். "மன்னிக்க வேணும் ஐயா. எனக்கு முதுகு வருத்தம். ஒருக்கா சாய்ஞ்சால் எழும்ப ரெண்டு பொலிஸ்காரர் வந்து தூக்க வேணும்."

றொஷினி இரண்டு எட்டு வைத்து, அவருடைய கையிலிருந்த கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. சுவரோரம் இருந்த ஓவியத்தை அவள் கிழித்துவிடுவாளோ என்பதுபோல் அதன் பக்கம் ஓர் அடி நகர்ந்து, அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

"படம் போலின்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றார் பிரியந்தியிடம். குரல் இப்போதும் உயரவில்லை. "ரெண்டு நிபுணர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"குருவியை வைச்சு. அது இந்த ஊர்க் குருவி. அவ வேணுமெண்டே வரைஞ்சவ."

அவர் திரும்பி ஓவியத்தைப் பார்த்தார். நான்கு வருடங்களாகச் சுவரில் வைத்து விருந்தினருக்குக் காட்டியதை, முதல்தடவையாகப் பார்த்தார். முகம் வெளிறியது. ஒரு கணம், அந்த மனிதருக்குள் ஏதோ உடைகிறது, இனி மன்னிப்பென்று ஒரு சொல் வரும் என்று பிரியந்தி எதிர்பார்த்தாள்.

"மத்த மூணுலயுமா?" என்று கேட்டார்.

தயிர்சாதப் பை மட்டும் அவர் கையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் பொலிஸ் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மறுநாள் கலைக்கூடம் மூன்று ஓவியங்களையும் சுவரிலிருந்து இறக்கியது. நிபுணர்கள் இருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. அலமு மாமி பொலிசிடம் தனக்கு ஒன்றும் தெரியாது, தான் சமைத்து மட்டும் கொடுத்ததாகச் சொன்னார். றொஷினியைச் சட்டத்தரணி தன்னோடு அழைத்துப்போனார். அவளுடைய வழக்கு எப்படிப் போகுமென்று சொல்ல இன்னும் காலம் இருந்தது. முடிக்காத இரண்டு படங்களும் அவளோடு போயின.

அதற்கு முன், பேராசிரியரைப் பிடித்த அன்று மாலையே, பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதிய இளம் அதிகாரிணி பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கேட்டாள். நாலு வருடம் பூட்டி வைக்கப்பட்ட பெண் தப்பி ஓடி ஒளிந்திருக்கிறாள். அந்த இடம் இந்த ஊரில் ஒரேயொரு துப்புரவுப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அப்படியிருக்க, சந்தேகநபர் நேராக அந்தக் கதவுக்கு எப்படி வந்தார்?

அன்டன் முந்திக்கொள்ளப் பார்த்தார். "அது, ஒஃபிசர், ஒரு சின்ன—"

பிரியந்தி அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். வாயில் காலையிலிருந்து இருந்த புளிப்பு இன்னும் போகவில்லை.

"முகவரியைக் கொடுத்தது யார்?" என்று அதிகாரிணி மறுபடி கேட்டாள், பேனாவை உயர்த்திப் பிடித்தபடி.

"நான்," என்றாள் பிரியந்தி. "எழுதுங்கள்."